கேட்பவரின் அகரவரிசை

ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று தொடங்கி ஜூலுவில் முடியும் 26 சொற்களைப் போர்ப் படங்கள் பார்த்தவர்கள் ஓரளவேனும் கேட்டிருப்பார்கள். வயர்லெஸில் பேசும்போது ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சொல்லப்படும் சொற்கள் இவை. 'நேட்டோ ஆல்ஃபபெட்' என்ற பெயர் பரவலாக வழங்குவதால், இதை இரகசியக் குறியீடு என்றோ சிப்பாய்களின் மிடுக்கான பேச்சுவழக்கு என்றோ எண்ணுவோர் உண்டு. இரகசியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்த நாட்டவர் கேட்டாலும், எவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் கேட்டாலும், ஒரே எழுத்தாகப் புரிய வேண்டும் என்பதற்காகவே இது உருவானது. இந்தப் பணிக்காக முதலில் வந்த பட்டியலும் இது அல்ல. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் படைகளும் அரசுகளும் சர்வதேச மாநாடுகளும் வெவ்வேறு பட்டியல்களை வகுத்தன, கைவிட்டன, திருத்தின. 1956க்குப் பிறகோ சர்வதேசப் பட்டியலில் ஒரு சொல்கூட மாறவில்லை. அதுவரை அத்தனை முறை ஏன் மாறியது, அதன்பின் ஏன் நிலைத்தது என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே விடைதான் உண்டு என்று கருதுகிறேன். இந்த அகரவரிசை பேசுபவருக்கு உரியதன்று, கேட்பவருக்கு உரியது. கம்பியின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பது மாறியபோதெல்லாம் பட்டியலும் மாறியது. கேட்பவர் உலகம் முழுவதும் பரவியவராக ஆனபோது, அவரையே வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, அது நிலைத்தது.

முதலில் சிக்கலின் வேரைப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் தொலைவிலிருந்து கேட்பதற்குப் பொருந்தாதவை. பி, சி, டி, ஈ, ஜி, வி என ஒரு பெரிய கூட்டம் 'ஈ' என்ற ஒலியிலேயே முடிகிறது. ஏ, ஜே, கே மூன்றும் ஒரே உயிரொலியைப் பகிர்கின்றன. எம், என் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உதடு மூடுவதா, நாக்கு மேலே தொடுவதா என்பது மட்டுமே. எஃப், எஸ் இரண்டையும் பிரித்துக் காட்டும் உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்புகள் கடத்தியதோ ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டும். ஆகவே அந்த வேறுபாடு வழியிலேயே தொலைந்துவிடுகிறது. 1955இல் ஜார்ஜ் மில்லரும் பாட்ரிசியா நைஸ்லியும் ஆங்கில மெய்யொலிகளை இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கச் செய்து, எது எதுவாகக் கேட்கிறது என்று அளந்தார்கள். குரல்நாண் அதிர்கிறதா, மூக்கொலியா என்பவை இரைச்சலிலும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கின்றன. வாயில் எந்த இடத்தில் ஒலி பிறக்கிறது என்பதுதான் முதலில் மறைகிறது என்று கண்டார்கள். எழுத்துப் பெயர்கள் பலவற்றை வேறுபடுத்துவது அந்த முதலில் மறையும் கூறுதான்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கலை விளக்க வேறு சான்று தேடவேண்டியதில்லை. மேலே உள்ள பத்தியில் 'பி' என்று எழுதியிருப்பது எந்த எழுத்து? ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா? தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. 'டி' என்பதும் அப்படியே. ஆனால் பிராவோ, பாப்பா என்று எழுதினால் ஐயம் அகல்கிறது; டெல்டா, டேங்கோ என்றாலும் அகல்கிறது. அதாவது, முதல் ஒலியின் வேறுபாட்டை முற்றிலும் அழித்துவிட்டாலும் சொல்லின் எஞ்சிய உடல் எழுத்தை அடையாளம் காட்டிவிடுகிறது. வயர்லெஸின் இரைச்சல் செய்வதும் இதே அழிப்பைத்தான். ஒற்றை எழுத்து சுமக்க முடியாத சுமையைப் பல ஒலிகளின்மீது பகிர்ந்து வைப்பதே இம்முறையின் அடிப்படை. இந்தத் தேவை தமிழ் மரபுக்குப் புதியதும் அல்ல. பேச்சில் ஏறத்தாழ ஒன்றாக ஒலிக்கும் மூன்று நகரங்களை டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. டகரத்தோடு வருவது, தகரத்தோடு வருவது, றகரத்தோடு வருவது என்று ஒவ்வோர் எழுத்தின் பெயரோடும் அதன் இனத்தைச் சேர்த்துவிட்டால் செவி தடுமாறாது. எழுத்தின் ஒலி போதாதபோது கூடுதல் ஒலியைத் துணைக்கு அழைக்க வேண்டும் என்ற அதே அறிவுதான் இங்கும் இயங்குகிறது.

படையணிக்குள் கேட்பவர்

பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல் வீரர்களிடம் இந்த முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேர்கொண்டது. கொடியாலும் விளக்காலும் வரும் செய்தியை ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து எழுத்தெழுத்தாக உரக்கச் சொல்ல, அருகிலிருப்பவர் எழுதிக்கொள்வார். காற்றிலும் பீரங்கி ஓசையிலும் எழுத்துகள் தவறாகக் கேட்டன. அதனால் குழப்பம் தந்த சில எழுத்துகளுக்கு மட்டும் சிறப்புப் பெயர் வைத்தார்கள்: ஆக், பீர், எம்மா, பிப், எஸ்ஸஸ், டாக், விக். மற்ற எழுத்துகள் இயல்பான பெயரிலேயே சொல்லப்பட்டன. களத் தொலைபேசி பரவிய முதல் உலகப்போரில் எல்லா எழுத்துகளுக்கும் சொற்கள் வந்தன. முற்பகல் 'ஆக் எம்மா' ஆனது, பிற்பகல் 'பிப் எம்மா' ஆனது. விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு 'ஆக் ஆக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெல்ஜியத்தின் போப்பரிங்கே நகரில் 1915 டிசம்பரில் படைவீரர்களுக்காகத் திறக்கப்பட்ட டால்பட் இல்லம், அதன் முதலெழுத்துகளைச் சிக்னல் வழக்கில் சொன்னதால் 'டாக் எச்' என்று அழைக்கப்பட்டது. பின்னர் அப்பெயரிலேயே ஓர் இயக்கமாக வளர்ந்தது. அதே காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை ஆப்பிள்ஸ், பட்டர், சார்லி, டஃப் என்று வேறு பட்டியல் வைத்திருந்தது. ஒரே நாட்டின் இரு படைகளுக்கு இரு பட்டியல்கள் இருந்ததை யாரும் பெருங்குறையாகக் கருதவில்லை. கேட்பவர் தன் படையணியைச் சேர்ந்தவர், தன் பேச்சுவழக்கில் வளர்ந்தவர் என்ற நிலையில் அந்தச் சொற்கள் போதுமானவையாக இருந்தன.

இரண்டாம் உலகப்போர் அந்த நிலையைக் குலைத்தது. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் 1941இல் ஒரு பொதுப் பட்டியலுக்கு வந்தன: ஏபிள், பேக்கர், சார்லி, டாக், ஈசி, ஃபாக்ஸ் என்று தொடங்குவது அது. பிரிட்டிஷ் படைகளும் அமெரிக்கப் படைகளும் ஒரே வானிலும் ஒரே கடலிலும் போரிட வேண்டியிருந்ததால் 1943 வாக்கில் பிரிட்டனும் அதை நோக்கி நகர்ந்தது. அக்காலப் போர் வரலாறு முழுவதும் இந்தச் சொற்கள் பதிந்திருக்கின்றன. 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் அமெரிக்க வீரர்கள் இறங்கிய பகுதிகளுக்கு டாக் கிரீன், ஈசி ரெட், ஃபாக்ஸ் கிரீன் என்றே பெயர். 1946 ஜூலையில் பிக்கினி பவளத்தீவில் நடந்த இரண்டு அணுகுண்டுச் சோதனைகள் ஏபிள், பேக்கர் எனப்பட்டன. செய்தி கிடைத்தது என்பதற்கு இன்றும் சொல்லும் 'ரோஜர்' இப்பட்டியலின் எச்சம்தான். 'பெறப்பட்டது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துக்கு அன்று ரோஜர் என்று பெயர். அந்த எழுத்து பின்னர் ரோமியோவாக மாறிவிட்டது. ஒப்புதல் சொல்லாகிவிட்ட ரோஜர் மாறவில்லை. பழகிய செவியிலிருந்து ஒரு சொல்லைப் பெயர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது ஒரு சான்று.

ஏபிள் பேக்கர் பட்டியலை உற்றுப் பார்த்தால் அது யாருக்காக அமைந்தது என்பது விளங்கும். அதில் 12 சொற்கள் ஓரசைச் சொற்கள்: டாக், ஃபாக்ஸ், ஜார்ஜ், ஹவ், ஜிக், கிங், லவ், மைக், நான், குயீன், டேர், யோக். ஆங்கிலம் தாய்மொழியானவர் இவற்றைப் பாதி கேட்டே மீதியை ஊகிப்பார். பிறந்தது முதல் கேட்ட சொற்கள் அல்லவா? பிரெஞ்சோ ஸ்பானியமோ பேசும் ஒருவருக்கு ஜிக், டேர், யோக் என்பவை பொருளற்ற ஒலித்துணுக்குகள். டாக், ஃபாக்ஸ் இரண்டிலும் உயிரொலி ஒன்றே. ஜிக், கிங் இரண்டும் மேலும் நெருக்கமானவை. இன்று வழங்கும் பட்டியலில் ஓரசைச் சொற்களாக நிற்பவை கோல்ஃப், மைக் என்ற இரண்டே. 12 என்பது 2 ஆகக் குறைந்ததில் கேட்பவர் மாறிய வரலாறு அடங்கியிருக்கிறது. புதிய கேட்பவர் ஊகிக்க இயலாதவர். அவருக்கு உதவ, சொல் தன்னிடமே கூடுதல் ஒலியை வைத்திருக்க வேண்டும்.

உலகம் கேட்கத் தொடங்கியபோது

ராணுவத்துக்கு வெளியே, உலகளாவிய பட்டியல் ஒன்றை வகுக்கும் முயற்சி முன்பே நடந்திருந்தது. 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாடு ஒரு பட்டியலை ஏற்றது. 1932இல் மாட்ரிட் மாநாடு அதைத் திருத்தியது. ஆம்ஸ்டர்டாம், பால்டிமோர், காசாபிளாங்கா, மடகாஸ்கர், வாஷிங்டன், யோக்கோஹாமா என்று பெரும்பாலும் உலக ஊர்ப்பெயர்களால் ஆனது அது. இரண்டாம் உலகப்போர் வரை சிவில் விமானங்கள் இதைப் பயன்படுத்தின. எந்த ஒரு நாட்டுக்கும் சாயாத நல்ல நோக்கம் அதில் தெரிகிறது. ஆனால் விமானி ஒரு பதிவெழுத்தைச் சொல்ல மூன்று நான்கு அசைகளை ஒவ்வொரு முறையும் உச்சரிக்க வேண்டியிருந்தது. ஓர் ஊரின் பெயரே மொழிக்கு மொழி மாறி ஒலிப்பதும் உண்டு. சொற்கள் உலகப் பொதுவாக இருப்பது மட்டும் போதாது, அவை சுருக்கமாகவும் ஒன்றோடொன்று கலவாமலும் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பட்டியல் விட்டுச் சென்றது.

போர் முடிந்ததும் பயணிகள் விமானங்கள் கண்டங்களைக் கடந்து பறக்கத் தொடங்கின. ஆங்கிலம் பேசுவோர் ஏபிள் பேக்கரையும், இலத்தீன் அமெரிக்காவில் ஆனா பிராசில் என்று தொடங்கும் வேறொன்றையும் பயன்படுத்திவந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கும் பொறுப்பு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புக்கு வந்தது. அந்த அமைப்பு, மாண்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான் பால் வினேயை 1948-49இல் இப்பணியில் இணைத்துக்கொண்டது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் என்ற மூன்று மொழிகளிலும் வழக்கில் உள்ள சொல்லாக இருக்க வேண்டும். எந்த மொழி விமானியும் எளிதில் உச்சரிக்கவும் அறியவும் வேண்டும். வானொலியில் தெளிவாகக் கேட்க வேண்டும். எழுத்துக்கூட்டல் ஒத்திருக்க வேண்டும். வெறுக்கத்தக்க பொருள் தொனிக்கக் கூடாது. நிபந்தனைகள் இவை. கிடைத்த சொற்களைப் பாருங்கள்: டேங்கோவும் ஃபாக்ஸ்ட்ராட்டும் நாடு விட்டு நாடு சென்ற நடனங்கள், ரோமியோவும் ஜூலியட்டும் மேடைகளின் வழியே உலகம் அறிந்த காதலர்கள், ஆல்ஃபாவும் டெல்டாவும் கிரேக்க எழுத்துகள், ஹோட்டல், கிலோ, விஸ்கி ஆகியவை வணிகத்தோடு பயணம் செய்தவை. ஏற்கெனவே எல்லை கடந்து பழகிய சொற்களையே தேடி எடுத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டலிலும் இந்தக் கவனம் தொடர்கிறது. ஆல்ஃபாவை ஆங்கில வழக்கப்படி எழுதினால் பிற மொழியினர் அதில் ஃபகர ஒலியைக் காணமாட்டார்கள் என்பதால் நேரடியான ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். ஜூலியட்டின் கடைசி மெய்யைப் பிரெஞ்சுக்காரர் ஒலிக்காமல் விட்டுவிடக்கூடும் என்பதால் அதை இரட்டித்தார்கள். கேட்பவரின் வாயையும் கண்ணையும் எண்ணிச் செய்த வேலை இது.

அப்படியும் முதல் முயற்சி முழுமையாக வெல்லவில்லை. 1951 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பட்டியலில் கோகா, மெட்ரோ, நெக்டார், யூனியன், எக்ஸ்ட்ரா என்ற சொற்கள் இருந்தன. பயன்பாட்டுக்கு வந்ததும் புகார்கள் எழுந்தன. டெல்டாவும் எக்ஸ்ட்ராவும் குழம்பின. நெக்டாரும் விக்டரும் குழம்பின. மோசமான வானிலையில் சில சொற்கள் கேட்கவே இல்லை. சிலர் பழைய ஏபிள் பேக்கருக்கே திரும்பினார்கள். நல்ல நிபந்தனைகளை வகுத்து, அறிஞரைக் கொண்டு தேர்ந்த பட்டியலும் களத்தில் தடுமாறலாம் என்பது இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிதும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. முழுப் பட்டியலையும் தூக்கி எறியவில்லை. குறைசொன்னவர்களின் விருப்பத்தைக் கேட்டு மாற்றவும் இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளின் முன்னெடுப்பில் 31 நாடுகளைச் சேர்ந்தவர்களைக் கொண்டு சோதனைகள் நடத்தினார்கள். அவற்றின் முடிவில் ஐந்து சொற்கள் மட்டும் மாறின. சார்லி, மைக், நவம்பர், யூனிஃபார்ம், எக்ஸ்ரே என்பவை அந்த இடங்களுக்கு வந்தன. இவற்றுள் சார்லி, மைக், எக்ஸ்ரே மூன்றும் பழைய ராணுவப் பட்டியலிலிருந்து திரும்பி வந்தவை. 1956 மார்ச் 1 அன்று இந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. நேட்டோ படைகளும் அதே ஆண்டின் தொடக்கத்தில் இதற்கு மாறின. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1959இலும், கடல்சார் அமைப்பு 1965இலும் இதை ஏற்றன. 'ராணுவ அகரவரிசை' என்று நாம் சொல்வது, ராணுவத்தில் பிறந்து, சிவில் விமானப் போக்குவரத்தில் சீர்பெற்று, மீண்டும் ராணுவத்துக்குச் சென்ற ஒன்று.

அந்தச் சோதனைகளின் ஒரு முடிவு இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அச்சாணி போன்றது. தனியாக ஒலிக்கும்போது 'ஃபாக்ஸ்ட்ராட்' என்பதைவிட 'ஃபுட்பால்' தெளிவாகக் கேட்கிறது. ஆனால் நீண்ட உரையாடலில் மற்றச் சொற்களோடு கலந்து வரும்போது ஃபாக்ஸ்ட்ராட்டே மேல் என்று கண்டார்கள். தனித்தனியே சிறந்த 26 சொற்களைக் கூட்டிவைத்தால் சிறந்த பட்டியல் கிடைத்துவிடாது. ஒவ்வொரு சொல்லின் தரமும் மற்ற 25 சொற்களிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதில் இருக்கிறது. எனவே ஒரு சொல்லை மாற்றுவது என்பது 25 உறவுகளை மாற்றுவது. நெக்டார் என்ற சொல் தன்னளவில் நல்ல சொல்தான். விக்டர் இருக்கும் வீட்டில் அதற்கு இடமில்லாமல் போனது.

கற்பது என்றால் என்ன

பட்டியலின் வலிமை அதன் மூடிய தன்மையிலிருந்தும் வருகிறது. மில்லர், ஹைஸ், லிக்டன் மூவரும் 1951இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்த சொற்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். வரக்கூடிய சொல் இரண்டில் ஒன்று என்று தெரிந்தால், கடும் இரைச்சலிலும் சரியாகக் கேட்கிறது. 256இல் ஒன்று என்றால் அதே சொல்லுக்கு இன்னும் தெளிவான ஒலி தேவைப்படுகிறது. சொல் மாறவில்லை, ஒலியும் மாறவில்லை. கேட்பவரின் எதிர்பார்ப்பு மட்டுமே மாறியது. 26 சொற்களையும் அறிந்தவர் '…வெம்பர்' என்ற சிதைந்த ஒலியைக் கேட்டதும் நவம்பர் என்று எழுதிவிடுவார். செப்டம்பரோ டிசம்பரோ பட்டியலில் இல்லை. பட்டியலை அறியாதவருக்கு அந்த ஒலி எத்தனையோ சொற்களின் வால். ஆகவே கற்றல் என்பது பேசுபவர் சொற்களை மனப்பாடம் செய்வதோடு முடிவதில்லை. எழுத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்வது பாதி. சொல்லைக் கேட்ட கணத்தில், இடையே எண்ணமே இல்லாமல், எழுத்தை எழுதுவது மறுபாதி. அதுவே கடினமானதும் இன்றியமையாததும். அகரவரிசைப்படி ஒப்பிப்பது இந்த இரண்டாம் பாதிக்கு உதவாது. வாகன எண்களையும் பெயர்களையும் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் பயிற்சியே உதவும்.

தமிழ் பேசுவோர் கற்கும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பட்டியல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றையும் மையமாக வைத்து அமைந்தது. தமிழ் நாவில் அதன் கடைசி எழுத்துச் சொல் ஜகரத்தோடு ஜூலு என்றே ஒலிக்கும். அப்போது ஜூலு, ஜூலியட் இரண்டும் ஒரே அசையில் தொடங்கிவிடுகின்றன. விக்டரும் விஸ்கியும்கூட நம் பேச்சில் ஒரே வகரத்தில் தொடங்குகின்றன. அசைகளின் எண்ணிக்கையும் முடிவொலியும் இவற்றைக் காப்பாற்றினாலும், இடைவெளி குறுகுவது உண்மை. சிவில் விமான அமைப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று வகுத்திருப்பதும், 1955இல் உறுப்பு நாடுகளுக்கு ஒலிப்பதிவே அனுப்பியதும் இதற்காகத்தான். பாப்பாவில் இரண்டாம் அசையையும் ஜூலுவில் முதல் அசையையும் அழுத்துவது அலங்காரத்துக்காக அன்று; தூரத்தில் இருப்பவர் செவியில் சொல்லின் உருவம் பதிவதற்காக. எண்களில் 'நைனர்' என்று ஒன்பதை நீட்டுவதும் ஐந்தோடு அது குழம்பாமல் இருக்கத்தான்.

எதிர்வாதங்கள்

இத்தனை ஏற்பாடு எதற்கு, கையில் கிடைத்த சொல்லைச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். நம் ஊரில் தொலைபேசியில் 'எம் ஃபார் மதுரை, டி ஃபார் டெல்லி' என்று சொல்லித்தான் அன்றாடம் காரியம் நடக்கிறது. நிதானமாகப் பேசவும் திரும்பக் கேட்கவும் நேரம் இருக்கும்வரை அது போதும். ஆனால் அங்கே சொல் திறந்த வெளியிலிருந்து வருகிறது. கேட்பவர் முதலில் சொல்லை முழுதாகக் கண்டுபிடித்து, பிறகு அதன் முதலெழுத்தை ஊகிக்க வேண்டும். 'என் ஃபார் நெல்லூர்' என்பது இரைச்சலில் வேலூராகக் கேட்டால் திருத்த வழியில்லை. இரண்டுமே ஊர்கள், இரண்டுமே சாத்தியம். மூடிய பட்டியலில் அந்தத் தவறுக்கு இடமே இல்லை. தவறின் விலை சிறிதாக இருக்கும் இடத்தில் திறந்த முறை போதும். விலை உயிராக இருக்கும் இடத்தில் போதாது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. மூன்று ஐரோப்பிய மொழிகளை அளவுகோலாக வைத்து உருவாக்கிய பட்டியலை உலகப் பொது என்பது நியாயமா? நியாயமான கேள்வி. சீனமும் அரபும் இந்தியும் தமிழும் அந்த அளவுகோலில் இல்லை. மலாய் மொழியில் 'லீமா' என்றால் ஐந்து. எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே ஒலி வந்துவிடுவதால் அப்பகுதியில் அதற்குப் பதிலாக 'லண்டன்' என்று சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. அட்லாண்டா விமான நிலையத்தில், டெல்டா நிறுவனத்தின் விமானங்கள் நிறைந்திருப்பதால், அந்த எழுத்துள்ள ஓடுபாதை இணைப்புக்கு 'டிக்ஸி' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. இந்த விலகல்கள் என் வாதத்தை வலுப்படுத்துகின்றன என்றே கருதுகிறேன். பட்டியல் தோற்கும் இடம் எல்லாம், வகுத்தவர்கள் எண்ணிப் பார்க்காத கேட்பவர் நிற்கும் இடம். எனினும் இதற்காக ஒவ்வொரு மொழியினரும் தனிப் பட்டியல் வகுத்தால் 1951க்கு முந்தைய நிலைக்கே திரும்புவோம். இன்று சென்னை விமான நிலையத்தின் குறியீட்டை 'விக்டர் ஆஸ்கர் மைக் மைக்' என்றும், இந்திய விமானப் பதிவின் முன்னெழுத்தை 'விக்டர் டேங்கோ' என்றும் சொன்னால், எந்த நாட்டு விமானிக்கும் புரியும். தொடக்கத்தில் இருந்த சாய்வு உண்மை. ஆனால் முக்கால் நூற்றாண்டு நெருங்கும் பொதுப் பயிற்சி அந்தச் சொற்களை அவற்றின் தாய்மொழிகளிடமிருந்து பெருமளவு பிரித்துவிட்டது. நடனம் அறியாதவருக்கும் டேங்கோ ஓர் எழுத்துதான்.

ஆனால் பழக்கம் ஒன்றே ஒரு பட்டியலைக் காக்கப் போதுமான காரணமா? ஜெர்மனியின் அனுபவம் இதற்கு எச்சரிக்கையான பதிலைத் தருகிறது. அந்நாட்டுத் தொலைபேசிப் பட்டியலில் டேவிட், ஜேக்கப், நாதன், சாமுவேல், சகரியா போன்ற விவிலியப் பெயர்கள் இருந்தன. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவை யூதப் பெயர்கள் என்று எதிர்ப்பு எழ, 1934இல் அவை அகற்றப்பட்டன. நாதனின் இடத்துக்கு வடதுருவம் என்று பொருள்படும் 'நோர்ட்போல்' வந்தது. போருக்குப் பிறகு சில பெயர்கள் திரும்பின, நாதன் திரும்பவில்லை. அதை அறியாமலே தலைமுறைகள் நோர்ட்போல் என்று சொல்லிவந்தன. அண்மையில் எழுந்த கோரிக்கைகளுக்குப் பிறகு, 2022இல் வெளியான ஜெர்மானியத் தரநிலை, ஊர்ப்பெயர்களால் ஆன புதிய பட்டியலை அறிவித்தது. 1934இன் மாற்றத்தில் செவிக்கு நன்மை எதுவும் இல்லை. கேட்பவர்களில் ஒரு பகுதியினரைச் சமூகத்திலிருந்து நீக்குவதே அதன் நோக்கம். 2022இன் மாற்றம் அந்த அநீதியை ஒப்புக்கொண்ட மாற்றம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கேட்பவருக்காகவே பட்டியல் என்ற கொள்கையிலிருந்துதான் அந்த வேறுபாடு பிறக்கிறது. கேட்பவரை விலக்கும் மாற்றம் அக்கொள்கைக்கு எதிரானது. விலக்கப்பட்டவரை மதித்துச் செய்யும் மாற்றம் அதன் பகுதி.

மூன்றாவதாக, விமானங்களுக்கும் படைகளுக்கும் இன்று எழுத்து வடிவிலேயே செய்தி அனுப்பும் கருவிகள் வந்துவிட்டனவே என்பார்கள். உண்மைதான், நீண்ட கடல்வழிப் பறப்புகளில் அனுமதிகள் திரையில் வருகின்றன. ஆனால் கருவி பழுதாகும்போதும், நொடிகளில் முடிவெடுக்க வேண்டியபோதும், கண் வேறு வேலையில் இருக்கும்போதும் குரலே துணை. நான்காவது, இந்த அகரவரிசை விபத்துகளைத் தடுத்துவிடுமா என்ற கேள்வி. தடுத்துவிடாது. 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே விமான நிலையத்தில் மூடுபனிக்கு நடுவே ஒரு பயணிகள் விமானமும் சிறிய ஜெட் விமானமும் மோதி 118 பேர் இறந்தார்கள். சிறிய விமானத்துக்குச் சொல்லப்பட்டது ரோமியோ 5 என்ற வழி. அதன் விமானிகள் அதைத் திரும்பச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் சென்றது ரோமியோ 6 வழியாக. தரையிலிருந்த அடையாளங்கள் சர்வதேசத் தரத்துக்கு ஏற்ப இல்லை. சொல் சரியாகவே சென்று சேர்ந்தது. சொல்லுக்கும் தரைக்கும் இடையேயான பொருத்தம்தான் முறிந்தது. இது அகரவரிசையின் எல்லையைக் காட்டுகிறதே தவிர, அதன் தேவையைக் குறைக்கவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு நெறிகள் தெளிவாகின்றன. ஒன்று மாற்றத்தைப் பற்றியது. பட்டியலை மாற்றக் கோருபவர், தான் சொல்லும் சொல் இனிமையானது என்றோ பொருத்தமானது என்றோ காட்டினால் போதாது. மற்ற 25 சொற்களுக்கு நடுவே, உண்மையான இரைச்சலில், உண்மையான பல மொழிக் கேட்பவர்களிடம் அது வெல்கிறது என்று காட்ட வேண்டும். வென்றாலும், மாற்றுவதால் தலைமுறைகளின் பயிற்சி சிதையும் இழப்பை அது ஈடுசெய்ய வேண்டும். 1956இன் ஐந்து மாற்றங்கள் இந்தத் தேர்வில் வென்றவை. அதன்பின் வேறு மாற்றம் வராததற்குக் காரணம் சொற்களின் குறைபாடின்மை அன்று, உடன்பாட்டின் மதிப்பு. மற்றொன்று கற்றலைப் பற்றியது. பேசுபவரும் கேட்பவரும் சேர்ந்து கற்றால்தான் இது வேலை செய்யும். ஒருவர் மட்டும் அறிந்த பட்டியல் இன்னொரு அந்நியச் சொற்கூட்டமே. அதனால்தான் இதைப் படைகளுக்கும் விமானிகளுக்கும் மட்டும் உரியதாக ஒதுக்கிவைப்பது இழப்பு என்கிறேன். ஆம்புலன்ஸ் அழைப்பை ஏற்பவர், நோயாளியின் பெயரையும் மருந்தின் பெயரையும் தொலைபேசியில் கேட்டு எழுதுபவர், வாகன எண்ணைக் காவல்துறைக்குச் சொல்பவர், பயணச்சீட்டின் குறியெழுத்துகளை வாசிப்பவர் என எழுத்து தவறினால் தீங்கு நேரும் வேலைகள் நம்மிடம் ஏராளம். சில நாள் பயிற்சியில் கைவரக்கூடிய 26 சொற்கள் இவை. அந்தப் பணிகளுக்கான பயிற்சிகளில் இவற்றைச் சொல்லவும் கேட்டெழுதவும் பழக்கினால், அரை நூற்றாண்டுக்கு மேலான சோதனையின் பயன் நம் மக்களுக்கும் வந்து சேரும்.